நீர்வீழ்ச்சியிலிருந்து கணவாய் வரை: சிங்கப்பூரிலிருந்து ஆல்ப்ஸ் மலைக்குச் செல்வோருக்கான நடை வழிகாட்டி

சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றான புக்கிட் தீமா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 164 மீட்டர் உயரம் கொண்டது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், நடைப்பயணிகள் பெரும்பாலும் முதலில் வந்து இறங்கும் லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அடித்தளமே 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள கணவாய்கள் 2,000 மீட்டரைத் தொடுகின்றன. சிகரங்கள் 4,000 மீட்டரையும் தாண்டுகின்றன. உயரமும் மாதமும் சேர்ந்தே அங்கே எந்தப் பாதை திறந்திருக்கும், எந்த அருவியில் தண்ணீர் விழும், எந்தப் பேருந்து ஓடும் என்பதை முடிவு செய்கின்றன. எனவே, பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு நாளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமான சுற்றுலாக் கணக்கு இங்கே உதவாது. கீழிருந்து மேலாக, அதாவது முதலில் அருவிகள், அடுத்து காடுகள், இறுதியில் கணவாய்கள் என்ற வரிசையில் பயணத்தை அமைப்பதே சரியான முறை. உடல் உயரத்துக்குப் பழகும், கால்கள் சரிவுக்குப் பழகும், மேலே எஞ்சியிருக்கும் பனி உருகவும் சில நாட்கள் கிடைக்கும்.

முதல் படி: பள்ளி விடுமுறையையும் பனியையும் பொருத்திப் பார்த்தல்

பிள்ளைகள் உள்ள சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குக் காலத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஓரளவுக்கே உண்டு. ஜூன் விடுமுறை மே மாத இறுதியிலேயே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் பள்ளத்தாக்கில் பூக்கள் மலர்ந்திருக்கும். பனி உருகி ஓடுவதால் அருவிகள் ஆண்டிலேயே மிக வலிமையாகக் கொட்டும். ஆனால் 2,000 மீட்டருக்கு மேலுள்ள பாதைகளில் பலவற்றைப் பனி மூடியிருக்கும். கிரிம்சல் (2,164 மீட்டர்), ஃபுர்கா (2,429 மீட்டர்) போன்ற சாலைக் கணவாய்கள் அந்த ஆண்டின் பனியைப் பொறுத்து மே இறுதிக்கும் ஜூன் நடுப்பகுதிக்கும் இடையில் திறக்கப்படுவது வழக்கம். ஆகவே ஜூன் மாதத்தில் செல்வோர் விடுமுறையின் பிற்பாதியைத் தேர்ந்தெடுத்து, கணவாய் நாளைப் பயணத்தின் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

நவம்பர், டிசம்பர் விடுமுறையைப் பற்றித் தயங்காமல் சொல்லிவிடலாம்: நடைப்பயணத்துக்கு நவம்பர் ஏற்ற மாதமன்று. கோடைப் பருவம் முடிந்து பனிச்சறுக்குப் பருவம் தொடங்காத அந்த இடைவெளியில் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்படும். கணவாய்ச் சாலைகள் மூடப்படும். பிள்ளைகளின் கால அட்டவணைக்குக் கட்டுப்படாதவர்கள் செப்டம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அருவிகள் சற்று மெலிந்திருந்தாலும், உயரமான பாதைகள் அனைத்தும் திறந்திருக்கும். பிற்பகல் இடிமழையும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களைவிடக் குறைவாக இருக்கும்.

இரண்டாம் படி: விசா, காப்புறுதி, பயண அட்டை

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை விசா இல்லாமல் தங்கலாம். குடும்பத்தில் ஒருவர் நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியில் உள்ளவராகவோ இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், அவருக்கு ஷெங்கன் விசா (சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவை. கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் நேரம் கிடைப்பது கடினம் என்பதால், விமானச் சீட்டை வாங்குவதற்கு முன்பே இதைக் கவனிக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.

விசா தேவையில்லாதவர்களும் காப்புறுதி ஆவணத்தை ஒரு முறை முழுவதுமாகப் படிப்பது அவசியம். சில திட்டங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மேற்கொள்ளும் நடைப்பயணத்தை விலக்கி வைக்கின்றன. சிலவற்றில் மலையில் தேடி மீட்கும் செலவு அடங்காது. ஹெலிகாப்டர் மீட்புக்கான கட்டணம் மீட்கப்பட்டவரின் பெயரிலேயே வரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாங்கியிலிருந்து சூரிக்குக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ 13 மணி நேரம் ஆகும். விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் உண்டு; பெர்ன் வழியாக இன்டர்லாக்கன் சென்று, அங்கிருந்து 20 நிமிடத்தில் லாட்டர்புருன்னனை அடையலாம். சுவிஸ் டிராவல் பாஸ் என்னும் பயண அட்டை வைத்திருக்கும் பெற்றோருடன் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதால், நாள்தோறும் ஊர் மாறும் குடும்பத்துக்கு அது பொருந்தும். ஒரே ஊரில் தங்கி மலை ரயில்களில் ஏறி இறங்குவோருக்குப் பெரும்பாலான கட்டணங்களைப் பாதியாக்கும் அரைக்கட்டண அட்டையே லாபமாக அமையக்கூடும். இரண்டையும் உங்கள் பயணத் திட்டத்தோடு வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் படி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மாடிப்படியில் பயிற்சி

மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடப்பது நெடுந்தூரம் நடக்கும் வலிமையைத் தரும். சரிவில் ஏறி இறங்கும் வலிமையை அது தருவதில்லை. அதற்கு நம் அடுக்குமாடிக் கட்டடங்களே போதும். ஒரு மாடி ஏறத்தாழ 2.8 மீட்டர் என்று கொண்டால், 25 மாடிகள் ஏறினால் 70 மீட்டர். இதைப் பத்து முறை செய்தால் ஆல்ப்ஸில் ஒரு நடுத்தர நாளின் ஏற்றத்துக்கு ஈடாகும். படியேறி முடித்ததும் மின்தூக்கியில் இறங்கிவிடுவதுதான் பலருடைய வழக்கம். ஆனால் மலையில் முழங்காலையும் தொடைத் தசையையும் வாட்டுவது இறக்கமே என்பதால், பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கி, முதுகுப்பையுடன் படிகளில் இறங்கியும் பழக வேண்டும். நடைக்கோல்களை வாங்குவதாக இருந்தால் அவற்றையும் இங்கேயே புக்கிட் தீமாவில் பயன்படுத்திப் பாருங்கள்.

காலணி விஷயத்தில் சிங்கப்பூருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நடைக் காலணிகளின் நடு அடிப்பகுதி பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் அது நீருடன் மெல்ல வினைபுரிந்து சிதையும். பல ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்த காலணி பார்வைக்குப் புதியதாக இருந்தாலும், மலையில் சில மணி நேரம் நடந்த பிறகு அடிப்பாகம் பொடிந்து கழன்றுவிடலாம். பழைய காலணியை எடுத்துச் செல்வதாக இருந்தால், புறப்படுவதற்கு முன் அதை அணிந்து இரண்டு மூன்று நீண்ட நடைகள் சென்று சோதித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கினாலும் அதே அளவு பழக்கிக்கொள்ளுங்கள்.

உடைகளில் பருத்தியைத் தவிர்ப்பது நல்லது. வியர்வையிலும் மழையிலும் நனைந்த பருத்தி எளிதில் உலராது. காற்று வீசும்போது உடல் வெப்பத்தை இழுத்துவிடும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் ஒரு கதகதப்பான அடுக்கு, மழையும் காற்றும் புகாத மேலங்கி ஆகிய மூன்றும் ஜூன் மாதத்தில்கூடப் பையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைவதால், லாட்டர்புருன்னனில் 20 பாகையாக இருக்கும் நேரத்தில் கணவாயில் 12 பாகையாக இருக்கும். அங்கே வீசும் காற்று அதை இன்னும் குறைத்துக் காட்டும். கையுறை, குல்லாய், கறுப்புக் கண்ணாடி, வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவற்றுக்கும் பையில் இடம் ஒதுக்குங்கள்.

நான்காம் படி: தங்குமிடமும் சமையலும்

லாட்டர்புருன்னன், அதற்கு மேலே பாறை விளிம்பில் அமைந்த வெங்கன் (1,274 மீட்டர்), எதிர்ப்புறம் மியூரன் (1,638 மீட்டர்) ஆகிய மூன்றில் ஒன்றைத் தளமாகக் கொள்ளலாம். வெங்கனிலும் மியூரனிலும் கார்கள் கிடையாது. ரயில் அல்லது கேபிள் கார் வழியாகத்தான் செல்ல முடியும். முதல் சில இரவுகளை வெங்கனில் கழிப்பது என் பரிந்துரை, ஏனென்றால் உறங்கும்போதே உடல் உயரத்துக்குப் பழகிக்கொள்ளும்.

சமையலறை உள்ள வாடகை வீடு நம் குடும்பங்களுக்கு வசதியானது. ஆயினும் தேக்கா சந்தையிலும் முஸ்தஃபா கடையிலும் வாங்கும் அனைத்தையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போக முடியாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருட்களையும் சுவிட்சர்லாந்துக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால் நெய், பனீர், பால்கோவா போன்றவை கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, காய்கறி, பழம் ஆகியவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். இந்த விதிக்கு விலக்குப் பெற்ற பழங்கள் அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்து மட்டுமே. நம் எம்ஆர்டி ரயிலில் ஏற்ற முடியாத டுரியானை சுவிஸ் சுங்கம் அனுமதிக்கிறது என்பது வேடிக்கைதான். என்றாலும் விமான நிறுவனத்தின் அனுமதி வேறு என்பதை மறந்துவிட வேண்டாம். அரிசி, பொடி வகைகள், உலர்ந்த மசாலாப் பொருட்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே எளிது.

எஞ்சியதற்கு பெர்ன் நகரம் கைகொடுக்கும். சுவிட்சர்லாந்தில் பல்லாயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்கள் நடத்தும் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். பெர்னின் யூரோப்பாப்பிளாட்ஸ் நிலையத்துக்கு அருகில் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சமயங்களின் இல்லத்தில் சிவன் கோயிலும் இருக்கிறது. இன்டர்லாக்கன் செல்லும் வழியிலேயே பெர்ன் வருவதால், வந்திறங்கும் நாளிலேயே இதை முடித்துவிடலாம். மலையூர்க் கடைகள் மாலையில் சீக்கிரம் மூடப்படும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலானவை திறப்பதே இல்லை.

ஐந்தாம் படி: அருவிகள்

முதல் முழு நாளை லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் அடித்தளத்துக்கு ஒதுக்குங்கள். கடைசிப் பனியூழியில் முதன்மைப் பள்ளத்தாக்கை நிறைத்திருந்த பெரிய பனியாறு பாறையை ஆழமாகக் குடைந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் இருந்த சிறிய பனியாறுகளுக்கு அந்த அளவு வலிமை இல்லை. பனி உருகியபோது பக்கத்து ஓடைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் விடப்பட்டன. அவைதான் இன்று சுண்ணாம்புப் பாறைச் சுவரிலிருந்து அருவிகளாகக் குதிக்கின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் 72 அருவிகள் இருப்பதாகச் சொல்வார்கள்.

ஊரை ஒட்டியே விழும் ஸ்டௌப்பாக் அருவியின் உயரம் 297 மீட்டர். தண்ணீர் தரையை அடைவதற்குள் காற்றில் கலைந்து சாரலாகிவிடும். 1779ஆம் ஆண்டு இங்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கோத்தே இதைக் கண்டு ஒரு கவிதை எழுதினார். அருவி மேற்குச் சுவரில் இருப்பதால் காலை வெயில் அதன்மீது நேராகப் படும். வெயிலை முதுகில் வாங்கியபடி நின்றால் சாரலில் வானவில்லைக் காண வாய்ப்புண்டு. இங்கிருந்து ஸ்டெகல்பெர்க் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் சமதளப் பாதையை முதியவர்களும் சிறு பிள்ளைகளும் நடந்துவிடலாம். களைத்தவர்களுக்குப் பேருந்து உண்டு.

அந்த வழியிலேயே இருக்கும் ட்ரூம்மல்பாக் இன்னொரு வகை அருவி. ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் சிகரங்களின் பனியாற்று நீர் மலையின் உட்புறத்தைக் குடைந்துகொண்டு பத்துக் கட்டங்களாக இறங்குகிறது. உச்சத்தில் நொடிக்கு 20,000 லிட்டர் வரை பாய்கிறது. சுரங்க மின்தூக்கியில் மேலே சென்று படிகள் வழியாக இறங்கி வர வேண்டும். படிகள் ஈரமாக இருக்கும், சாரல் நனைக்கும், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும்.

எந்த அருவிக்கு எந்த நேரத்தில் செல்வது என்பதை அதன் நீர் எங்கிருந்து வருகிறது என்பதே முடிவு செய்யும். பருவப் பனியை நம்பியிருப்பவை மே, ஜூன் மாதங்களில் பெருகி, மழையில்லாத இலையுதிர்காலத்தில் நூலாகிவிடும். பனியாற்றை நம்பியிருப்பவை வெப்பமான கோடை நாட்களில் பிற்பகலில் பெருகும். காலையில் எளிதாகத் தாண்டிய ஓடை மாலையில் தாண்ட முடியாததாக மாறுவதும் இதனால்தான். அணைகளுக்குக் கீழேயுள்ள ஆற்றுப் படுகைகளில் வானம் தெளிவாக இருக்கும்போதும் நீர்மட்டம் திடீரென உயரலாம். மின் நிலையங்கள் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை தென்பட்டால், படம் எடுப்பதற்காகக்கூட நடு ஆற்றுப் பாறைகளில் நிற்க வேண்டாம்.

ஆறாம் படி: காடுகள்

அடுத்த நாட்களில் 1,200 மீட்டருக்கும் 2,000 மீட்டருக்கும் இடைப்பட்ட காட்டு வளையத்துக்குள் நடக்கலாம். லாட்டர்புருன்னனிலிருந்து கேபிள் காரில் குரூட்ஷால்ப் சென்று, மியூரன் வரை காடும் புல்வெளியும் மாறிமாறி வரும் பாதையில் நடப்பது நல்ல தொடக்கம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்த நடை முழுவதும் மூன்று சிகரங்களும் எதிரிலேயே நிற்கும்.

மலைச்சரிவில் நெருக்கமாக நிற்கும் கரும்பச்சை மரங்கள் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். இவற்றுக்கு இடையே அக்டோபரில் பொன்னிறமாகி ஊசியிலைகளை உதிர்ப்பது லார்ச். ஆல்ப்ஸின் உட்பகுதியில், மரங்கள் வளரும் உயர எல்லையை ஒட்டி முறுக்கேறி நிற்பது அரோலா பைன். நட்கிராக்கர் என்னும் புள்ளிப் பறவை குளிர்காலத்துக்காக இதன் விதைகளை ஆயிரக்கணக்கான இடங்களில் புதைத்து வைக்கிறது. அது எடுக்காமல் விட்டவையே புதிய மரங்களாகின்றன. இந்த மரத்தைப் பார்க்கச் சிறந்த இடம் தெற்கே வாலே மாநிலத்தில், 1933ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்டுவரும் அலெட்ச் காடு. காட்டின் விளிம்பிலிருந்தே ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச் கீழே நீண்டு கிடப்பதைக் காணலாம். ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் தவறவிடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் காட்டுக்குள் நடக்கும் உரிமையும், உள்ளூர் வழக்கப்படி காட்டுப் பழங்களையும் காளான்களையும் சேகரிக்கும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு. 1912ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத்தின் 699ஆம் பிரிவு அதை உறுதிசெய்கிறது. அதே சமயம் பல காடுகளுக்குக் காவல் பணியும் உண்டு. பனிச்சரிவும் பாறைச்சரிவும் ஊரைத் தாக்காமல் தடுக்கும் மரங்களை வெட்டக்கூடாது என்று ஆண்டர்மாட் ஊரார் 1397ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள். வெட்டிய மரங்களைச் சரிவுக்குக் குறுக்கே அப்படியே போட்டிருப்பதையும், உயரமான அடிமரங்களை விட்டுவைத்திருப்பதையும் பார்த்தால், அது கவனக்குறைவன்று. உருண்டு வரும் கற்களைத் தடுக்கும் ஏற்பாடு. அவற்றின்மீது ஏறாமலும் குறுக்கு வழிகளில் இறங்காமலும் பாதையிலேயே செல்லுங்கள்.

இந்த உயரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. உண்ணிகள் ஏறத்தாழ 1,500 மீட்டர் வரை வாழ்கின்றன. லைம் நோயையும் ஒருவகை மூளை அழற்சியையும் பரப்பக்கூடியவை. நீண்ட காற்சட்டை அணிந்து, மாலையில் முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமுடி ஓரம் ஆகிய இடங்களைப் பிள்ளைகளுக்குப் பார்த்துவிட வேண்டும். அடுத்து, கன்றுடன் மேயும் பசுக்கள். பிள்ளைகள் கன்றைத் தொட ஓடினால் தாய்ப்பசு பாயக்கூடும். விலகிச் சுற்றிச் செல்லுங்கள், வேலிக் கதவைத் திறந்தால் மறக்காமல் மூடிவிடுங்கள்.

ஏழாம் படி: வழிகாட்டிப் பலகைகளைப் படித்தல்

முழு மஞ்சள் பலகை சாதாரண நடைபாதையைக் குறிக்கும். மஞ்சள் பலகையின் நுனியில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை பட்டை இருந்தால் அது மலைப்பாதை. தடுமாறாத கால்களும் உயர அச்சமின்மையும் வேண்டும். நீலப் பலகையில் வெள்ளை, நீலம், வெள்ளை பட்டை இருப்பது ஆல்ப்ஸ் ஏற்றப் பாதை. அனுபவமும் கருவிகளும் இல்லாதவர்கள் அதில் கால் வைக்கவே வேண்டாம். பலகையில் எழுதியிருக்கும் நேரம், சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாகக் கொண்டு, ஓய்வு நேரத்தைச் சேர்க்காமல் கணக்கிடப்பட்டது. பிள்ளைகளோடும் புகைப்படக் கருவியோடும் செல்லும் நம் குடும்பங்கள் அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவிஸ்டோப்போ செயலியில் அரசாங்கத்தின் வரைபடமும் மூடப்பட்ட பாதைகளின் விவரமும் இலவசமாகக் கிடைக்கின்றன. தொலைபேசி அலை இல்லாத இடங்களுக்காக முந்தைய இரவே வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: கணவாய்கள்

முதல் கணவாயாக கிளைனே ஷைடெக் (2,061 மீட்டர்) பொருத்தமானது. வெங்கனிலிருந்து கேபிள் காரில் மென்லிகன் ஏறி, அங்கிருந்து மெல்ல இறங்கும் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால், ஐகர் சிகரத்தின் வடக்குச் சுவருக்கு நேர் கீழே வந்து சேரலாம். அங்கே பல்சக்கர ரயில் நிலையம் இருப்பதால், வானிலை மாறினாலும் இறங்குவதற்கு வழி உண்டு. இதே நிலையத்திலிருந்து 1912ஆம் ஆண்டு முடிக்கப்பட்ட ரயில் பாதை 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக்குக்குச் செல்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் அங்கே மூன்றில் இரண்டு பங்கு உயிர்வளியே கிடைக்கும். வந்திறங்கிய மறுநாளே அங்கு ஏறித் தலைவலியோடு திரும்புவதைவிட நான்காம், ஐந்தாம் நாளுக்கு அதை ஒத்திவைப்பது உடலுக்கும் பணத்துக்கும் நல்லது. இதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உண்மையாகவே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லும் அனுபவத்தைத் தருவது கிரோசே ஷைடெக் (1,962 மீட்டர்). அடுத்த பள்ளத்தாக்கிலுள்ள கிரிண்டல்வால்டிலிருந்து பேருந்து கணவாய்க்கு ஏறுகிறது. தனியார் கார்களுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. 3,690 மீட்டர் உயரமான வெட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்தில் இறங்கி, மறுபுறம் ரோசன்லாவி வரை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இறங்கலாம். புல்வெளி, காடு, ஓடை, கடைசியில் பனியாறு குடைந்த பள்ளம் என்று முந்தைய நாட்களில் தனித்தனியாகப் பார்த்தவை இந்த ஒரே இறக்கத்தில் வரிசையாக வரும். ஜூன் மாதத்தில் செல்வோர் பேருந்து ஓடத் தொடங்கிவிட்டதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாதையின் குறுக்கே எஞ்சிய பனித்திட்டு செங்குத்தான சரிவில் கிடந்தால், முன்னே சென்றவர்களின் தடம் இருக்கிறது என்பதற்காக அதைக் கடக்காதீர்கள். வழுக்கினால் நிறுத்துவதற்குப் பிடிமானம் இருக்காது.

நேரத்தைப் பொறுத்தவரை நம் கண்கள் நம்மை ஏமாற்றும். ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணிக்கு இருட்டிப் பழகிய நமக்கு, ஜூனில் ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதைக் கண்டால் அவகாசம் நிறைய இருப்பதாகத் தோன்றும். ஆனால் மலைப் பேருந்தும் கேபிள் காரும் பல இடங்களில் ஐந்து, ஆறு மணிக்கே நின்றுவிடும். கோடை இடிமழையும் பிற்பகலில்தான் திரளும். ஆகையால் காலை எட்டு மணிக்குள் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மணிக்குள் திறந்த முகட்டிலிருந்து இறங்கிவிடும்படி திட்டமிட்டு, கடைசி வண்டியின் நேரத்தைத் தாளிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டிக்கொண்டு கிரிம்சல், ஃபுர்கா, சுஸ்டன் கணவாய்களைச் சுற்ற விரும்புவோர், சாலையின் வலப்புறம் ஓட்டுவதற்குச் சமவெளியில் பழகிய பின்னரே மலையில் ஏற வேண்டும். குறுகிய இடத்தில் எதிரெதிரே வந்தால், இறங்கி வரும் வண்டியே பொதுவாக வழிவிட வேண்டும். அஞ்சல் கொம்புச் சின்னம் உள்ள மலைச் சாலைகளில் மஞ்சள் அஞ்சல் பேருந்துக்கு முன்னுரிமை உண்டு. அதன் ஓட்டுநர் கையசைத்துச் சொல்வதற்குக் கட்டுப்பட வேண்டும். வளைவுக்கு அப்பாலிருந்து மூன்று சுரக் கொம்போசை கேட்டால் அகலமான இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

விபத்து நேர்ந்தால் சுவிஸ் வான் மீட்பு அமைப்பான ரேகாவின் எண் 1414. ஐரோப்பிய அவசர எண் 112. தொலைபேசி இயங்காவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதியோ விளக்கைக் காட்டியோ, ஒரு நிமிடம் விட்டு மீண்டும் தொடருங்கள். பதிலாக நிமிடத்துக்கு மூன்று முறை குறிப்பு வந்தால் உங்களைக் கவனித்துவிட்டார்கள் என்று பொருள். ஹெலிகாப்டர் தென்பட்டால் இரு கைகளையும் மேலே விரித்து உயர்த்துவது உதவி தேவை என்பதற்கான குறி. ஒரு கையை மேலேயும் மறு கையைக் கீழேயும் நீட்டுவது தேவையில்லை என்பதற்கான குறி. வேடிக்கையாகக் கைகளை ஆட்டி விமானியைக் குழப்ப வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கிரோசே ஷைடெக் நாளைப் பயணத்தின் கடைசி நாளாக வைத்துக்கொண்டால், கிரிண்டல்வால்டுக்குத் திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. பெரிய பெட்டிகளை ரயில்வேயின் பொதி அனுப்பும் சேவையில் முன்னதாகவே அடுத்த ஊருக்கு அனுப்பிவிட்டு, ரோசன்லாவியிலிருந்து பேருந்தில் மைரிங்கன் இறங்கி, அங்கிருந்து புரூனிக் வழியாக லூசர்ன் செல்லும் ரயிலைப் பிடிக்கலாம். லூசர்னில் ஓர் இரவு தங்கினால், மறுநாள் சூரிக் விமான நிலையம் ஒன்றேகால் மணி நேரத் தொலைவுதான்.